எடைமேடைக்காரரின் கருத்து

அட்டைப்பெட்டி ஆலையின் வருகைப் பதிவு அறையில், தொழிலாளர்களின் அட்டைகள் செருகப்பட்டிருக்கும் பலகைக்குப் பின்னால், இரண்டு இரும்பு அலமாரிகள் நிற்கின்றன. எங்கள் ஆலையின் நூலகம் என்பது அவ்வளவே. வருகைப் பதிவு எழுத்தராகிய எனக்கு, மதிய இடைவேளையின் அரை மணி நேரம் மட்டும் நூலகர் என்ற கூடுதல் பொறுப்பும் உண்டு. வாங்குவோர் பெயர், எடுத்த தேதி, திரும்பிய தேதி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக என் பதிவேட்டில் 'வாசகர் கருத்து' என்று ஒரு பத்தி இருக்கிறது. எப்போதோ இருந்த நலப்பிரிவு அதிகாரி ஒருவர் சுற்றறிக்கை அனுப்பி அதைப் போடச் சொன்னார். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்தப் பத்தியை அதன்பிறகு எவரும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. இருந்தாலும், நிரப்பச் சொன்ன ஓர் இடத்தை வெறுமையாக விடுவதற்கு எனக்கு மனம் வந்ததில்லை.

கருத்தை எழுதித் தரும்படி தொழிலாளர்களைக் கேட்க எனக்குக் கூச்சம். சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு அவசரமாக வருகிறவர்களிடம் பேனாவை நீட்டுவது எப்படி? ஆகவே, புத்தகத்தைத் திருப்பித் தரும்போது அவர்கள் வாயிலிருந்து வருவதைக் கேட்டு நானே எழுதிக்கொள்வேன்.

வருவதெல்லாம் பெரும்பாலும் ஒன்று போலத்தான் இருக்கும். சரக்கு அனுப்பும் பிரிவில் ஒரு அம்மாள் இருக்கிறார். எல்லாரும் அவரை டெஸ்பாட்ச் மேடம் என்பார்கள். எந்தப் புத்தகமானாலும் அவர் அழுதிருப்பார்.

"சார், மூணு நாள் சாப்பாடு எறங்கல சார். நீங்க கட்டாயம் படிக்கணும். படிக்கலன்னா உங்க கூடப் பேச மாட்டேன்."

"மன்னிக்கணும் மேடம், இன்னும் நேரம் அமையல."

"போன புத்தகத்துக்கும் இதையேதான் சொன்னீங்க."

"அதுக்கும் சேத்துதான் மேடம்."

இயந்திரப் பிரிவு இளைஞர்கள் எதைப் படித்தாலும் "வேற லெவல் சார்" என்பார்கள். கணக்குப் பிரிவுக்காரர் எதைப் படித்தாலும் "அவார்டு வாங்கின புக்கு" என்பார், தானே வாங்கியதைப் போல. புகழ்பெற்ற புத்தகம் ஒன்று வந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு ஆஹா ஓஹோதான். அந்தப் பத்தியை நிரப்பி நிரப்பி எனக்குப் பாராட்டுகளின் மேலேயே ஒரு சோர்வு தட்டிவிட்டது. எல்லாக் கடைக்காரரும் ஒரே குரலில் கூவுகிற சந்தையில் எந்தக் கடைக்குப் போவது என்று தெரியாமல் வெறுங்கையோடு வீடு திரும்புகிறவனைப் போல, நான் எதையும் படிக்காமலே இருந்தேன்.

இவர்களுக்கு நடுவில் ஒரே ஒருவரின் சொல்லை மட்டும் நான் நம்பினேன். ஆலை வாசலில் காகித உருளைகளோடு வரும் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடைக்காரர் அவர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தவணை தவறாமல் வருவார். நல்ல கனமான புத்தகமாகத்தான் எடுப்பார். எல்லாரும் பேசிக்கொள்ளும் பெரிய நாவல்கள் அவரிடம் போகாமல் இருந்ததில்லை. திருப்பித் தரும்போது நான் அவருடைய நூலக அட்டையைத் தேடுவேன். அது எப்போதும் உடனே கிடைக்காது. தேடி எடுத்துக் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் அவர் சொல்லும் கருத்து ஒன்றே ஒன்றுதான்: "பரவாயில்ல."

நாள் முழுவதும் எடை பார்க்கிறவர், சொல்லையும் எடை பார்த்தே சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே ஏற்ற இறக்கம் உண்டு என்பதைக் காலப்போக்கில் கண்டுகொண்டேன். சில நாள் முணுமுணுப்பாக வரும். அதை 'பரவாயில்லை' என்று மட்டும் எழுதுவேன். சில நாள் இருமுறை வரும். அதற்கு 'மிகவும் பரவாயில்லை'. அப்படி எழுதப்பட்ட நூல்களில் ஏழெட்டை நானும் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறேன். படித்துப் பிடிக்காதபோது, குறை புத்தகத்தில் அல்ல, என்னிடம்தான் என்று முடிவு செய்து, மூடி வைத்துவிடுவேன்.

அக்கா என் வீட்டுக்கு வந்தது இந்த ஆண்டின் தொடக்கத்தில். அத்தானுக்கு வேலை தொலைவில். மருத்துவமனை என் வீட்டிலிருந்து மூன்று நிறுத்தம்தான். ஆறு மாதச் சிகிச்சை. இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும். பகலில் என் மனைவி பார்த்துக்கொள்வாள். மாலையில் அவள் மருந்துக்கடைப் பணிக்குக் கிளம்பியதும் என் முறை.

அக்கா பயணச்சீட்டு முகப்பில் முப்பது ஆண்டு உட்கார்ந்தவள். ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் இடையில் படித்தே வாரத்துக்கு மூன்று புத்தகம் முடித்தவள். இப்போது அவளால் ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம்தான் முடியும். மாலை நாலரைக்கு மேல் முக்கால் மணி நேரம் கண் தெளிவாக இருக்கும். அதன்பிறகு எழுத்து நீந்தத் தொடங்கிவிடும் என்றாள்.

"ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம். ஒரு பெரிய புத்தகம்னா ரெண்டு மாசம்" என்று விரலில் எண்ணினாள். "முன்னாடி மாதிரி அம்பது பக்கம் படிச்சுட்டுத் தூக்கிப் போட முடியாதுடா. அம்பது பக்கம்னா அஞ்சு நாள். எனக்கு ஒண்ணே ஒண்ணு கொண்டா. நல்லதா இருக்கணும்."

"எந்த மாதிரி வேணும்க்கா?"

"அத உங்கிட்டதானே கேக்கறேன். நூலகர்னு சொல்லிக்கற?"

அன்று இரவு உணவு எனக்கு இறங்கவில்லை. டெஸ்பாட்ச் மேடம் அடிக்கடி சொல்லும் நிலை அதுதான் போலும். மறுநாள் மதியம் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். ஓரிடத்தில் என் கையெழுத்திலேயே இப்படி இருந்தது: 'பரவாயில்லை, பரவாயில்லை, மிகவும் பரவாயில்லை.' எடைமேடைக்காரர் அன்று அதை மூன்று முறை சொன்னதும், சிரித்தபடி கையை உயர்த்தியதும் நினைவுக்கு வந்தன. அவரிடமிருந்து அதற்கு மேல் ஒரு புகழ்ச்சி வருவதற்கில்லை. கப்பல் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை, நீல அட்டை, அறுநூற்று நாற்பது பக்கம். ஆலையில் பாதிப்பேர் எடுத்துப் போயிருந்த புத்தகம் அது.

அக்கா அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தாள். "யாரு நல்லாருக்குன்னு சொன்னா?"

எடைமேடைக்காரரைப் பற்றிச் சொன்னேன். ஆறு ஆண்டுகளில் அவர் மூன்று முறை அந்தச் சொல்லைச் சொன்னது இதற்கு மட்டுமே என்பதையும் சொன்னேன். அக்காவுக்கு அது பிடித்துவிட்டது. "அளந்து பேசறவன் பேச்சு பொய்யாது" என்று கூறிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

அதன்பிறகு நாள்தோறும் நான் ஆலையிலிருந்து திரும்பியதும், செருப்பைக் கழற்றும் முன்பே, "எப்படிப் போகுதுக்கா?" என்று கேட்பேன். "போகுது" என்பாள். மூன்றாம் நாளும் போகுது. ஆறாம் நாளும் போகுது. ஒன்பதாம் நாள், புத்தகத்தை வயிற்றின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"டேய், தொண்ணூறு பக்கம் ஆச்சு. கப்பல் இன்னும் கரைய விட்டுக் கெளம்பல."

"அப்படியா?"

"சாமான் ஏத்தறாங்க. ஒம்போது நாளா ஏத்தறாங்க. நான் மூட்டை தூக்கின மாதிரி தோள் வலிக்குது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "உங்க எடைமேடைக்காரரப் போய்க் கேளு. கப்பல் எந்தப் பக்கத்துல கெளம்புதுன்னு. அவரு அவ்வளவு சொல்லியிருக்காருன்னா பின்னாடி ஏதோ இருக்கு. அதுவரைக்கும் பொறுத்துக்கறேன்."

எடைமேடை அறைக்குள் அதுவரை நான் போனதில்லை. மறுநாள் முற்பகலில் மேலாளரிடம் அனுமதி கேட்டு, வாசல் வரை நடந்தேன். ஒரு லாரி மேடையின் மேல் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடிச் சன்னல் வைத்த சிறிய அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, எண்களைக் காட்டும் கணினித் திரை.

"அட, வாங்க வாங்க! நூலகமே நடந்து வருது!" என்றார் எடைமேடைக்காரர், எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளியபடி.

"மன்னிக்கணும் சார். வேலை நேரத்துல வந்து உங்களத் தொந்தரவு பண்றேன்."

"பரவாயில்ல சார், சொல்லுங்க."

"ஒரு சின்னச் சந்தேகம். அந்தக் கப்பல் எந்தப் பக்கத்துல கெளம்பும்?"

அவர் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். லாரியைத் தவிர வேறொன்றும் இல்லை. "எந்தக் கப்பல் சார்?"

"கப்பல் குடும்பத்துக் கதை. நீங்க போன வருஷம் எடுத்தீங்களே, நீல அட்டை..."

"ஓ, நீல அட்டையா!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அருமையான புக்கு சார் அது. சரியா நாலு விரல். அதுக்கப்புறம் அந்த மாதிரி ஒண்ணு அமையவே இல்ல."

நாலு விரல் என்பது எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவும் தயங்கி நின்றேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. கணினித் திரையின் அடியில், இரண்டு நாளுக்கு முன் நான் கையெழுத்து வாங்கிக் கொடுத்த புத்தகம் படுத்திருந்தது. திரை அதன்மேல் நின்றது.

"கழுத்து வலி சார்" என்று பிடரியைத் தொட்டுக் காட்டினார் அவர். "திரை கண்ணு மட்டத்துக்கு இருக்கணும்னு டாக்டர் கண்டிஷனாச் சொல்லிட்டாரு. ஒரு பலகை கேட்டு எழுதிப் போட்டேன், ஆறு வருஷம் ஆச்சு. நம்ம புக்குதான் காப்பாத்துது. மெல்லிசா இருந்தா பத்தாது. ரொம்பத் தடியா இருந்தா ஆடும். அதான் பாத்துப் பாத்து எடுப்பேன்."

"ஒரே புத்தகத்தையே வச்சுக்கலாமே சார்?"

"அதெப்படி சார்? பதினஞ்சு நாள்னு நீங்கதானே போட்டிருக்கீங்க. நாலு பேரு கேக்கற புக்க நான் அமுக்கி வச்சா நல்லாவா இருக்கும்?"

வெளியே லாரி ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். எடைமேடைக்காரர் எண்ணைக் குறித்துச் சீட்டைச் சன்னல் வழியே நீட்டினார். லாரி நகர்ந்ததும் திரையில் எண்கள் இறங்கிச் சுழியத்தில் நின்றன.

"மன்னிக்கணும்" என்றேன். "நீங்க பரவாயில்ல பரவாயில்லன்னு சொன்னதையெல்லாம் நான் கருத்துன்னு எழுதி வச்சிருக்கேன்."

"எங்க எழுதினீங்க?"

"பதிவேட்டுல. ஆறு வருஷமா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, என் மனம் நோகக் கூடாது என்பதுபோல் மெல்லச் சொன்னார்: "சார், அட்டையத் தேடித் தேடி, ஒவ்வொரு தடவையும் 'மன்னிக்கணும், உங்கள நிக்க வச்சுட்டேன்'னு நீங்கதானே சொல்வீங்க? அதுக்கு வேற என்ன சொல்றது? மன்னிக்க மாட்டேன்னா சொல்ல முடியும்?"

"அந்த நீல அட்டைக்கு மூணு தடவ சொன்னீங்களே."

"அன்னிக்கு என்னோட அட்டை, அலமாரிக்குப் பின்னாடி விழுந்துடுச்சு. நீங்க தரையில படுத்துத் தேடினீங்க. மூணு தடவ மன்னிப்புக் கேட்டீங்க." சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நம்ம ஆளுங்க உங்களுக்கு மன்னிப்பு சார்னுதானே பேரு வச்சிருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. தெரியும் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அன்று மதியம் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். நூற்று முப்பத்தொரு இடத்தில் என் மன்னிப்புக்குக் கிடைத்த பதில்கள், வாசகர் கருத்து என்ற தலைப்பின் கீழ், அழகான கையெழுத்தில் வரிசையாக நின்றன. அடித்துவிடலாம் என்று எடுத்த பேனாவை மூடி வைத்தேன். நூற்று முப்பத்தொன்றை அடிக்கவும் தெம்பு வேண்டும் அல்லவா? மாலையில், பேருந்தில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். பொய் சொல்லிவிடலாம் என்ற எண்ணமும் எழுந்தது. இருநூறாம் பக்கத்தில் கிளம்பும் என்று சொன்னால் போதும், அக்கா நம்புவாள். நம்பி இன்னும் பதினொரு நாள் மூட்டை ஏற்றுவாள்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் கட்டிலின் ஓரமாக நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கழுத்து வலி, நாலு விரல், அலமாரிக்குப் பின்னால் விழுந்த அட்டை, எதையும் விடவில்லை.

சிரிப்பாள் என்று ஓரளவு எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒம்போது நாள்டா" என்றாள்.

"மன்னிச்சுடுக்கா."

"அதச் சொல்லாத. அதச் சொல்லித்தான் இந்த வினையே." கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணுக்குக் கீழே கருமை முன்னைவிடக் கூடியிருந்தது. "ஒரு நாள்ல எனக்குன்னு இருக்கறது அந்த முக்கால் மணி நேரம்தான். மீதியெல்லாம் மருந்து எடுத்துக்குது. அதுல ஒம்போது நாள கொண்டுபோய்க் கப்பல்ல ஏத்திட்டேன்."

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

"உன்ன மட்டும் சொல்லிக் குத்தமில்ல" என்று சற்றுப் பொறுத்து அவளே தொடர்ந்தாள். "இருவதாம் பக்கத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா நீ தெனம் வாசல்லயே நின்னு எப்படிப் போகுதுன்னு கேக்கற. அந்த மூஞ்சியப் பாத்துட்டு நல்லால்லன்னு சொல்ல வாய் வரல. சரி, யாரோ பெரிய மனுஷன் சொல்லியிருக்கானேன்னு நம்மளவிட அவன நம்பினேன்." புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். "நீ சொல்லு. உனக்கு எது பிடிச்சுது? எல்லாரும் சொன்னது வேணாம். உனக்கு."

நூலகராகப் பதினொரு ஆண்டு. அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இல்லை என்பதை நான் சொல்லாமலே அவள் புரிந்துகொண்டாள்.

"அப்ப ஒண்ணு பண்ணு. எனக்கு முன்னாடி நீ பத்துப் பக்கம் படி. நல்லால்லன்னா எடுத்துட்டே வராத. ஏன் நல்லால்லன்னு வந்து சொல்லு."

மறுநாளிலிருந்து மதிய இடைவேளையில் வருகிறவர்களுக்குப் புத்தகம் கொடுத்ததுபோக எஞ்சிய நேரத்திலும், பேருந்திலும் படிக்கத் தொடங்கினேன். நாள் முழுவதும் வருகை எண்களைக் கூட்டிய கண்களுக்கு அது சுகமான வேலையாக இல்லை. கணக்குப் பிரிவுக்காரரின் பரிசு நாவலை முதலில் எடுத்தேன். மாலையில் அக்காவிடம் வந்து நின்றேன்.

"வேணாம்க்கா."

"ஏன்?"

"அவரு... எதையும் ரெண்டு தடவ சொல்றாரு. மழை பெய்யுதுன்னு சொல்லிட்டு, வானத்துலேர்ந்து தண்ணி விழுதுன்னும் சொல்றாரு."

"ம். அடுத்தது?"

அடுத்ததில் எல்லாரும் ஒரே மாதிரி அறிவாகப் பேசினார்கள், வீட்டு வேலைக்கு வந்தவர் உட்பட. அதற்கடுத்ததில் ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் தொலைபேசி அடித்தது. இளைஞர்களின் 'வேற லெவல்' புத்தகத்தில் பத்துப் பக்கத்துக்குள் நான்கு பேர் இறந்துவிட்டார்கள். ஒருவருக்காகவும் எனக்கு வருத்தம் வரவில்லை. இதைச் சொன்னபோது அக்கா தலையணையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. உடனே இருமலாக மாறிவிட்டது.

"நாளைக்கு இன்னும் மோசமானதாப் பாத்துப் படிச்சுட்டு வா" என்றாள் இருமலுக்கு நடுவில்.

அடுத்த முறை மருந்து ஏற்றியபின் நான்கு நாள் அவளால் எதையும் கேட்கவும் முடியவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்த நாட்களில் நான் டெஸ்பாட்ச் மேடம் அழுத புத்தகம் ஒன்றை எடுத்தேன். மூன்று நாள் சாப்பாடு இறங்காத புத்தகம். ஆகவே, கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தது. சலவைக் கடை நடத்தும் ஒருத்தி, திரும்ப வாங்க வராத ஒருவரின் சட்டையை வாரம் ஒருமுறை மறுபடி மடித்து வைக்கிறாள். அப்படித்தான் கதை தொடங்குகிறது. பத்துப் பக்கம் முடிந்தது. குறை என்ன என்று யோசித்தேன். பதினோராம் பக்கத்தைப் புரட்டினேன். சங்கு ஊதியது எனக்குக் கேட்கவில்லை. வாசலில் அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற தொழிலாளி, "மன்னிப்பு சார்!" என்று கூப்பிட்ட பிறகுதான் தலையை நிமிர்த்தினேன்.

அந்தப் புத்தகம் என் பையில் இரண்டு நாள் இருந்தது. பிடிக்கவில்லை என்று சொல்வது எளிதாகிவிட்டிருந்தது. அதற்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. இதற்கு என்ன காரணம் சொல்வது? எனக்குப் பிடித்தது அவளுக்குப் பிடிக்காமல் போனால், இந்த முறை எடைமேடைக்காரரின் மேல் பழியைப் போட முடியாது.

ஐந்தாம் நாள் மாலை அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். "என்ன, கைய பைக்குள்ள விட்டுட்டு நிக்கற? இன்னிக்கு எவன் செத்தான்?"

புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். மெல்லிய புத்தகம்தான். அவள் அட்டையைப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இது எல்லாரும் சொல்ற புத்தகமாச்சே. யாரு சொல்லி எடுத்த?"

"எல்லாரும்தான் சொன்னாங்க. அதுக்காக எடுத்துட்டு வரல."

"பின்ன?"

"எனக்குப் பிடிச்சிருக்குக்கா."

"உனக்கா?"

"எனக்குத்தான்."

"எத்தன பக்கம் படிச்ச?"

"முழுசும்."

அவள் என்னைக் கண்ணாடி இல்லாத கண்களால் உற்றுப் பார்த்தாள். எவ்வளவு தெரிந்ததோ, எனக்குத் தெரியாது. மன்னிக்கணும் என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"சரி" என்றாள், கண்ணாடியைத் தேடி எடுத்தபடி. "லைட்டப் போடு."